பாயிண்டு அண்ணாச்சியின் கார் கணக்கு

எங்கள் கடற்கரையில் முதலாவது வருகிறவனைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒரே மனிதர் பாயிண்டு அண்ணாச்சிதான். "பாவம், இனி அவனுக்கு இறங்குததுக்குத்தான் வழி" என்பார். அவர் எதிலும் முதலாவது வந்ததே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. அண்ணாச்சி திரேஸ்புரத்தில் வல்லம் என்கிற பாய்மரப் படகு வைத்து மீன் பிடிப்பவர். வெளிநாட்டு மாலுமிகள் படித்துவிட்டுப் போடும் மோட்டார் பந்தயப் பத்திரிகைகளை நான் அவருக்கு வாசித்துச் சொல்லவேண்டும். மாலுமிகள் வேறு மாதிரிப் பத்திரிகைகளும் போடுவார்கள். அவற்றைக் கண்டால், "இதுல பாயிண்டு எங்க இருக்கு?" என்று தள்ளிவிடுவார். இத்தனைக்கும் அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

கார் பந்தயத்தில் முதல் ஆறு பேருக்குத்தான் பாயிண்டு: ஒன்பது, ஆறு, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. மோட்டார் சைக்கிளில் பத்துப் பேருக்கு. பதினைந்து, பன்னிரண்டு, பத்து, எட்டு என்று இறங்கி, பத்தாவது ஆளுக்கும் ஒன்று உண்டு. இதைக் கேட்ட நாள் முதல் அண்ணாச்சிக்குக் கார் என்றாலே ஆகாது.

"ஏழாவது வந்தவன் என்ன, வழியில படுத்துத் தூங்கிட்டா வந்தான்? அவனுக்கு முட்டையா? கார்க்காரன் கல்நெஞ்சுக்காரன் தம்பி!"

ஞாயிற்றுக்கிழமை யாரும் மீன் பிடிக்கப் போவதில்லை. அதனால் கோயில் திருவிழாவை ஒட்டி நாலு ஞாயிறு பாய் வல்லப் போட்டி நடக்கும். மொத்தத்தில் ஜெயித்தவர் பெயரைக் கோப்பையில் வெட்டிக் கொடுப்பார்கள். அண்ணாச்சி கமிட்டியின் உயிரை எடுத்து, மோட்டார் சைக்கிள் கணக்கையே சட்டமாக்கிவிட்டார். தனக்காகத்தான் செய்கிறார் என்று ஊர் சிரித்தது. மூன்றாவது, நாலாவது என்றே வருகிறவருக்கு வேறு எந்தக் கணக்கு பிடிக்கும்?

அந்த வருடம் முதல் இரண்டு ஞாயிறும் சூசை ஜெயித்தான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. காற்றில் வல்லம் கவிழ்ந்து, கூடப் போனவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். சூசையின் உடல் கிடைக்கவே இல்லை.

துக்க வீட்டில் அவன் மனைவி பிலோமி அழுது ஓய்ந்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பேரு வெட்ட ஒரு கல்லறகூட இல்லாமப் போச்சே."

அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். "தம்பி, சூசைக்கு எத்தன பாயிண்டு?"

அறைந்துவிடலாமா என்றிருந்தது. "முப்பது."

"கார் கணக்குல?"

"பதினெட்டு. பேசாம இருங்க அண்ணாச்சி."

துக்கம் முடிந்து மிச்சப் போட்டிகள் நடந்தன. முதல் இரண்டில் இரண்டாவதும் மூன்றாவதும் வந்திருந்த அண்ணாச்சி, அடுத்ததிலும் மூன்றாவது. கடைசிப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தார். கரைக்குப் பக்கத்தில் திடீரென்று பாயைத் தளர்த்தி, மூன்று பேருக்கு வழிவிட்டு நாலாவது வந்தார்.

"ஏலே, அவருக்கு மொதலாவது வரவே பயம்லே!" என்று கரையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பரிசு நாளில் கமிட்டித் தலைவர் வாசித்தார்: நாற்பது பாயிண்டோடு அண்ணாச்சி முதலிடம். வாழ்க்கையிலேயே முதல் தடவை. அண்ணாச்சி எழுந்தார்.

"கார் கணக்குல கூட்டுங்க."

தலைவர் திகைத்துப்போனார். "என்னவே இது? கார்க்காரன் கல்நெஞ்சுக்காரன்னு எங்க உயிர எடுத்தது நீருதான?"

"ஆமா. ஆனா செத்தவனுக்கும் பட்டம் குடுத்தது கார்க்காரன்தான். பந்தயமெல்லாம் முடியுததுக்குள்ள ஒருத்தன் செத்துட்டான். அவன் பாயிண்ட எவனாலயும் தாண்ட முடியல. அவனுக்கே குடுத்துட்டாவ. தம்பிதான் வாசிச்சான், கேளும்."

உண்மைதான் என்று தலையாட்டினேன். கூட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி பதினேழு, சூசை பதினெட்டு, மற்றவர்கள் எல்லாம் அதற்கும் கீழே. பாய் ஏன் தளர்ந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது வந்திருந்தால்கூட இரண்டு பேரும் சமமாகியிருப்பார்கள்.

தலைவர் மூக்கைச் சிந்திவிட்டு, சூசையின் பெயரை வெட்டச் சொன்னார். பிலோமி அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

"அடுத்த வருசம் பழையபடி மோட்டார் சைக்கிள்தான், சொல்லிட்டேன்" என்றார் அண்ணாச்சி, திரும்பும் வழியில். "ஒரு நல்லது செஞ்சாங்கிறதுக்காக கார்க்காரன்கூட சேந்துர முடியுமா?"

அடுத்த வருடம் முதல் போட்டியில் அவர் ஏழாவது வந்தார். கார் கணக்கில் முட்டை. மோட்டார் சைக்கிள் கணக்கில் நாலு. அந்த நாலைக் கரையில் நின்று, ஜெயித்தவன் பெயரே கேட்காதபடி தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.