எல்க் வேட்டைக்கு எந்தக் குண்டு

"இதுவும் ஆகாதுடா" என்று தோட்டாப் பெட்டியைத் திருப்பித் தந்தான் ஹாஸ்கல், கட்டிலில் படுத்தபடியே.

வெர்லினுக்குத் தலை சுற்றியது. சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. இவனுக்கு எந்தக் குண்டும் பிடித்தபாடில்லை.

முதலில் கொண்டுவந்தது வழக்கமான கனத்த குண்டு. "இது உதைக்கிற உதைய என் தோள் தாங்குமா? எலும்பையெல்லாம் வியாதி அரிச்சு வெச்சிருக்கு" என்றான். நியாயம்தான். அடுத்து லேசானது. "இதால சுட்டா எல்க் சாகாது, கோவிச்சுக்கும். காயத்தோட காட்டுக்குள்ள ஓடினா யாரு துரத்துறது? மாடி ஏறவே மூச்சு வாங்குற நீயா?" சரி, மெத்தென்ற ஈயக் குண்டு? "பட்ட இடத்துல கறி பூரா கூழாயிடும். அப்புறம் என் பொண்டாட்டி என்னைக் கூழாக்கிடுவா."

இப்போது தாமிரக் குண்டு.

"இதுக்கு என்னடா கேடு?"

"என் ரைஃபிளுக்குத் தாமிரம் ஒத்துக்காது. எல்க்கைக் குறி வெச்சா ஷெரீஃப் வீட்டு ஜன்னல்ல போய் நிக்கும்."

கடைக்காரன் வெர்லினைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்திருந்தான். வெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாதி என்று தெரிந்த புதிதில் அவன் இந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வந்து என்னத்தைப் பேசுவது? இத்தனை வருஷப் பழக்கத்தில் வேட்டையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லையே. கடைசியில் ஹாஸ்கலே போன் போட்டான்: "இந்த வருஷம் எந்தக் குண்டுடா போடலாம்?" அன்றிலிருந்து வெர்லின் தினமும் சாயங்காலம் பெட்டியும் கையுமாக வருகிறான். சாவதற்குள் ஹாஸ்கல் இன்னொரு எல்க் சுட வேண்டும். அதைக்கூடச் செய்து தராவிட்டால் நான் என்ன சிநேகிதன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வெர்லின் தன் மகளின் ரைஃபிளையே தூக்கி வந்துவிட்டான். உதை குறைவு. அதற்கென்று தேடிப் பிடித்த குண்டு ஆழமாகப் போகும், சிதறாது, கறியும் கெடாது. சுட்டுப் பார்த்த அட்டையை நீட்டினான். ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில்.

"இப்பச் சொல்லு, என்ன குறை?"

ஹாஸ்கல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சத்தம் அதிகமா இருக்குமோ?"

"துப்பாக்கியில சத்தம் வராம பாட்டா வரும்?"

"அதுவும் சரிதான்." அட்டையைப் போர்வை மேல் வைத்தான். "குறை ஒண்ணும் இல்லடா."

"அப்போ விடியறதுக்குள்ள வண்டியோட வந்துடறேன்."

ஹாஸ்கல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வெர்லினுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு அலைந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா? விறுவிறுவென்று வெளியே போய் வண்டிக் கதவைத் திறந்தான்.

பின்னாலேயே ஹாஸ்கலின் மனைவி ஜோலீன் ஓடி வந்தாள், கையில் அந்தத் தோட்டாப் பெட்டியோடு.

"இதை எடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்கு வேற ஏதாவது கொண்டாங்க."

"என்ன ஜோலீன் இது, இதுல ஒரு குறையும் இல்லன்னு அவனே சொல்லிட்டானே."

"அவரு இந்த வருஷம் வேட்டைக்குப் பெர்மிட்டே எடுக்கல வெர்லின். குண்டு முடிவாயிட்டா இனிமே நீங்க வரமாட்டீங்களேன்னு உள்ள அழுதுட்டு இருக்காரு."