நூலறுத்த மாப்பிள்ளை

நான் ஒரு வேலையைச் சீர்ப்படுத்த இறங்கினால் அந்த வேலை அதோடு தொலைந்தது என்று அர்த்தம். இதை நானே சொல்லிவிடுகிறேன். விட்டால் என் மனைவி ரெஜினா சொல்லுவாள், கூட நாலு சேர்த்து.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் நாகல் நகரில், தூரத்து உறவில் எனக்கு மாமா முறையான அந்தோணிசாமிக்குப் பூட்டுப் பட்டறை இருந்தது. ரெஜினா என்று ஒரு மகளும் இருந்தாள். (நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த காரணம் பூட்டு அல்ல.) மதுரையில் ஒரு ஹாஸ்டலுக்குப் பெட்டிப் பூட்டு செய்ய ஆர்டர் வந்தது.

"மாப்ள, நீ பாத்துக்க. சரக்கு சொன்ன நாள்ல லாரியில ஏறுச்சுன்னா, வர்ற ஞாயித்துக்கெழமையே கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிர்றேன்" என்றார் மாமா.

ஓலை வாசிப்பதென்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மாதா கோயில் சாமியார் பூசையில் அறிவிப்பது.

நானோ அப்போதுதான் மெட்ராசில் உற்பத்தியைப் பெருக்கும் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தேன். வீண் எங்கே இருந்தாலும் வெட்டு, தினமும் ஒரு முன்னேற்றம் காட்டு. அவ்வளவுதான் பாடம். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் எனக்கு வீணாகவே தெரிந்தது. (சாப்பாட்டில் ரசம்கூட.)

பட்டறையில் முதல் வீண், பேச்சு. அரத்தைவிட வாய்தான் அதிகம் ஓடியது. 'வேலை நேரத்தில் பேசக்கூடாது' என்று பலகை எழுதி மாட்டினேன். அடுத்த வீண், நூல். பூட்டை முடித்ததும் அதன் சாவியை அதிலேயே நூலால் கட்டிவிடுவார்கள். பாலீஷ் போடும்போது அது குறுக்கே வந்து இடித்தது. எல்லா நூலையும் அறுக்கச் சொன்னேன். பூட்டெல்லாம் ஒரு சாக்கில், சாவியெல்லாம் ஒரு சாக்கில். பாலீஷ் வேலை பறந்தது. மூத்த தொழிலாளி சூசை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பலகையைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

லாரி வரும் நாள் காலையில் மாமா ஒரு பூட்டை எடுத்து ஒரு சாவியைப் போட்டார். திறக்கவில்லை. இன்னொரு சாவி. அதுவும் இல்லை. கையால் அராவிச் செய்யும் பூட்டு ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

"ஏலே சூசை, பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் மாமா.

"பேசுறது வீணுன்னு தம்பி பலகை மாட்டியிருக்காகளே மொதலாளி."

மாமா என் பக்கம் திரும்பினார். "பொண்ணும் கெடையாது, மண்ணும் கெடையாது. உங்க ஊரு கன்னிவாடிக்கே பஸ் ஏறு."

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்த ரெஜினா முதலில் அந்தப் பலகையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தாள். "எல்லாரும் பேசுங்க" என்றாள்.

பட்டறை மீன் சந்தையானது. "இது என் அரம் பட்ட பூட்டு, இங்கிட்டுத் தள்ளு." "ஏப்பா, இது உன் சாவிதான, கோணல் பல்லு?" அவரவர் கைவேலையை அவரவர் பிரித்துக்கொண்டு சாவியைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வந்த லாரி டிரைவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரக்கு ஏறிவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

"ஏறுனது உன்னாலயா?" என்று மாமா முறைத்தார்.

ரெஜினாதான் சொன்னாள்: "இவரை வெளிய விட்டா இன்னொரு பட்டறைக்குப் போய் முன்னேத்துவாருப்பா. பாவம், ஊர் தாங்காது. நம்ம வீட்லயே பூட்டி வச்சிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

இவரைப் போய் எப்படிக் கட்டினாய் என்று இன்று யார் கேட்டாலும் ரெஜினாவிடம் பதில் தயாராக இருக்கிறது: "தடையெல்லாம் இருந்துச்சு. சொல்ல வேண்டியவுக வாயத்தான் இவரு முன்கூட்டியே பூட்டிட்டாரே."