பாதி குறைஞ்சிருக்கு

"வலி எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டதும், சலூன்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டே, "பரவாயில்லை டாக்டர், பாதி குறைஞ்சிருக்கு" என்று கூசாமல் சொன்னார்.

உண்மையில் இம்மியும் குறையவில்லை. ஆனால் டாக்டர் தங்கமான மனுஷர். கேட்டுவிட்டு நோயாளியின் முகத்தையே ஆசையாகப் பார்ப்பார். சலூன்காரருக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். முடி வெட்டி முடித்து, பின்னால் கண்ணாடியைக் காட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்கும்போது தானும் அப்படித்தான் நிற்பார். யாராவது உதட்டைப் பிதுக்கிவிட்டால் அன்றைக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது.

"பாதி குறைஞ்சிடுச்சா! அப்ப மாத்திரையையும் பாதியாக்கிடலாம்!"

பாதி மாத்திரையில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று கத்தரி பிடிக்க வேண்டியதாயிற்று. சாய்ந்து நின்று வெட்டியதில் ஒருவரின் கிருதா ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கிவிட்டது.

அடுத்த முறை மனைவியும் கூடவே வந்தாள். "எங்கே டாக்டர் குறைஞ்சுது? ராத்திரியெல்லாம் முனகறார்."

டாக்டரின் முகம் வாடியது. சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை.

"முனகல் இல்ல டாக்டர், பாட்டு. எனக்குத் தூக்கத்துல பாடற வழக்கம்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. தினமும் படி ஏறி இறங்கச் சொல்லிவிட்டார்.

முட்டி பூசணிக்காயாக வீங்கியது.

"படி ஏறறது எப்படி இருக்கு?"

"அருமை டாக்டர். ஏறிட்டா இறங்கவே மனசு வரல."

அது ஒன்றுதான் நிஜம். தினமும் இறங்க முடியாமல் மேல்படியில் உட்கார்ந்து, மனைவி வரட்டும் என்று காத்திருப்பார்.

"அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டுங்க!"

கடைசியில் கடையையே மூடும்படி ஆகிவிட்டது. குனிய முடியாததால் பூட்டையும் மனைவிதான் போட்டாள்.

"அவர் மனசு நோகக்கூடாதுன்னு என்னை நோகடிக்கிறீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். 'டாக்டர், ஆரம்பத்திலேருந்தே குறையல. நீங்க கேட்டப்பவே உள்ளதைச் சொல்லியிருந்தா வேற வைத்தியம் பார்த்திருப்பீங்க. தப்பு என்மேலதான்.' சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. இத்தனை நாளாக இதை ஏன் சொல்லாமல் போனோம் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

டாக்டரின் அறை பூட்டியிருந்தது. வாசலில் நின்ற நர்ஸம்மா அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"டாக்டர் இல்லையாம்மா?"

"மாடியில அட்மிட் ஆகியிருக்கார்யா. அவருக்கும் ரொம்ப நாளா முட்டிவலியாம், வெளியில சொல்லிக்கல. 'நம்ம சலூன்காரருக்கே இந்த வைத்தியம் கேட்டுடுச்சே'ன்னு மாத்திரையைப் பாதியாக்கிட்டு, அவரும் தினமும் படி ஏறினார்!"