மாமா, வாயக் கொஞ்சம் தொறங்க

பன்னீர்ப் புகையிலை வாசனை எங்கிருந்தாவது மிதந்து வந்தால், இந்த வயதிலும் என் நாக்கு தானாகப் போய் உட்கன்னத்தைத் துழாவுகிறது. புண் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். பயந்தாங்கொள்ளி தன் தூக்கத்தை மட்டும் கெடுத்துக்கொள்வான். சந்தேகக்காரன் ஊர் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுப்பான். நான் இரண்டாவது ரகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அம்மா, தங்கை சிவகாமி, நான். அப்பா இல்லை. வீட்டுக்காரர் தூங்கும்போதுகூடக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு தூங்குகிறவர். அதே கன்னத்தில் புற்று வந்து, கஞ்சிக்குக்கூட வாய் திறக்க முடியாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். “புகையிலைதான்” என்று டாக்டர் முற்றத்தில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டர் சந்தேகத்தைப் புகையிலையோடு நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை.

ஈயச் செம்பில் கொதிக்கும் ரசம், சிம்னி விளக்கின் கரி, ஆவி பறக்கும் காபி, அம்மாவின் வற்றல் குழம்பு எல்லாமே எனக்குள் எதையோ விதைக்க வந்தவை என்று தோன்றியது. காலையில் கண்ணாடி முன் ஆவென்று நிற்பேன். (நான் பாட்டு கற்றுக்கொள்வதாக முன்கட்டில் நினைத்தார்களாம்.) தெப்பக்குளத்தில் கோபுரத்தின் நிழல் நெளிந்தால் அழகு கண்ணில் படாது, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ என்றுதான் புத்தி ஓடும். யோசித்து யோசித்துத் தலை சூடாகிவிட்டால், மாட வீதி மூலையில் நின்று ஒரு சிகரெட் பிடித்துச் சாந்தமடைவேன். அதன் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. புகைதானே, மேலே போய்விடுகிறது!

சிவகாமிக்குத் தியாகராய நகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்களைப் போலவே திருநெல்வேலிக்காரர்கள், ஜவுளிக்கடை. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. எந்தப் பையன் பேச்சு வந்தாலும் பாத்திரம் தேய்க்க எழுந்து போகிறவள், இந்தப் பேச்சு வந்தபோது தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஆவணியில் நிச்சயம். அன்று காலை என்னை ஓரமாக இழுத்தாள்.

“அண்ணே, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் யார்ட்டயும் ஒண்ணும் கேக்காத. ஒன்னக் கும்பிடுதேன்.”

“நான் என்னட்டி கேக்கப் போறேன்?”

மாப்பிள்ளையின் அப்பா நீட்டும் வெற்றிலைத் தட்டை நான் வாங்கவேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அது அண்ணன் வேலை. வாங்கினால் சம்மதம், கையை இழுத்துக்கொண்டால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு கை இருக்கிற யாரும் செய்துவிடக்கூடிய காரியம்.

மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, வாட்டசாட்டமான மனிதர். தட்டை நீட்டினார். மஞ்சள், தேங்காய், வெற்றிலை, பாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே தன் கௌரவத்துக்கென்று ஒரு பொட்டலம் பன்னீர்ப் புகையிலை. நீட்டியவர் வாய் நிறையச் சிரித்தார். உட்கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

பாதி வழி போன என் கைகள் நின்றன. பிறகு, கடவுளே, திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டன.

மாமா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

“என்ன தம்பி? வாங்குங்க.”

“மாமா, வாயக் கொஞ்சம் தொறங்க.”

“எதுக்கு?”

“அந்தக் கன்னத்துல… எத்தன நாளா இருக்கு? புத்துநோயா இருந்திரப் போவுது.”

குத்துவிளக்கு எரிகிற கூடத்தில் அந்தச் சொல்! மாப்பிள்ளையின் அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“பல்லப் பிடிச்சுப் பாக்கதுக்கு நான் என்ன சந்தைக்கு வந்த மாடா வே?”

(‘தம்பி’ போய் ‘வே’ வந்துவிட்டது.)

வந்த ஜட்காக்களிலேயே திரும்பிப் போனார்கள். கேசரி அண்டாவோடு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏல, நோய் ஒனக்கு நாக்குலதாம்ல வந்திருக்கு!”

சிவகாமி அழவில்லை. அதுதான் கஷ்டம். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் ‘டங்’கென்று வைப்பாள். “சாப்பிடு. வெஷம் இல்ல.” நாள்தோறும் அந்த ஒரே பேச்சு. ஒரு காலை, கண்ணாடியில் முதல் தடவையாக வாயை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த ஒரு மாலை, மாமா தனியாக வந்து நின்றார். உட்காரவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், நான் கேட்காமலேயே ஆவென்று வாயைத் திறந்தார்.

“பாத்துக்கிடும். நல்லாப் பாத்துக்கிடும். உம்ம பேச்சக் கேட்டதுலேருந்து ஒறக்கம் இல்ல வே. கடையில துணி கிழிச்சா எனக்குக் கன்னம் கிழியுது. ராயப்பேட்டையில ஒரு டாக்டர்ட்ட போனேன். சுண்ணாம்பு சுட்ட புண்ணுதானாம். ஆனா புகையிலைய விடலேன்னா இது எந்த நாள் எப்பிடித் திரும்பும்னு சொல்ல முடியாதுன்னாரு. விட்டுட்டேன்.”

துணிப்பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினார். மஞ்சள், தேங்காய், வெற்றிலை, பாக்கு. பொட்டலம் இல்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“பாக்கு மட்டும்…” என்று ஆரம்பித்தேன். அம்மா முதுகில் கிள்ளிய வேகத்தில் என் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டு தட்டை வாங்கிக்கொண்டன.

தை மாதம் கல்யாணம். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த நிச்சயமானாலும், தட்டு நீட்டுவதற்கு முன் சிவகாமி கூட்டத்தைப் பார்த்துக் கேட்பாள்: “எல்லாரும் அண்ணன்ட்ட வாயக் காட்டியாச்சா?” கூடம் முழுக்க ஆவென்று திறக்கும், நேற்று வந்த மருமகள் உட்பட.

எனக்கு என்னவோ அந்த மழை மாலைதான் மறக்கவில்லை. மாமாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். குடையை விரித்தவர், என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த சிகரெட் பெட்டியைக் கவனித்தார். குரல் தாழ்ந்தது.

“நிச்சயத்தன்னைக்கே உம்ம மேல அந்த வாடை அடிச்சுது. அதையும் டாக்டர்ட்ட கேட்டேன். ஒரு சிகரெட்டப் பத்த வச்சுக்கிட்டு, ‘இது ஒண்ணும் செய்யாது’ன்னாரு. எனக்கு என்னமோ அந்த ஆளு மேல சந்தேகமா இருக்கு, தம்பி.”