தீப்பந்தம் நாற்பது காசு

பக்கத்தில் புதிதாக முளைத்த கடையில் ‘தீப்பந்தம் இரண்டு காசு’ என்று பலகை தொங்கியது. லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். இரண்டு காசுதான்.

அவர் கடையில் நாற்பது காசு.

கைப்பேசி விளையாட்டுதான். காசும் நிஜமில்லை, கடையும் நிஜமில்லை. காட்டில் விறகு வாங்கி, பிசின் தடவி, தீப்பந்தம் கட்டி, புதையல் தேடிக் குகைக்குள் போகிறவர்களுக்கு வாசலில் நின்று விற்பார். மற்றவர்கள் வாளோடு உள்ளே போய் ராட்சசர்களை வெட்டினார்கள். அவருக்கு அந்த ஆசை இல்லை. பகலெல்லாம் லிஃப்ட் குழியில் இறங்கி ஏறுகிறவர், விளையாட்டிலாவது இருட்டுக்கு வெளியே நிற்கலாம் என்று நினைத்தார்.

வீட்டில் அவர் ஒருவர்தான். வேலையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்திருப்பார். லிஃப்டில் போகிறவர்களின் பேச்சு குழி வழியாக மேலே ஏறி வரும். “அப்புறம் அவ என்ன சொன்னா தெரியுமா?” என்று யாரோ ஆரம்பிப்பார்கள். கதவு திறக்கும். இறங்கிப் போய்விடுவார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. ‘கதவு மூடுகிறது’ என்று லிஃப்டின் பதிவுக் குரல் சொல்லும்போது மட்டும், “சரிம்மா” என்பார்.

விளையாட்டில் அவருக்கு ஒரே ஒரு வாடிக்கை. பெயர் ஈரக்குடை. ஆணா, பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. தினமும் சாயங்காலம் வந்து நிற்கும்.

‘ஒண்ணு போதும்’ என்று எழுதும். தீப்பந்தத்தை வாங்கிக்கொண்டு, ‘இங்க மழை’ என்றோ ‘இங்க மழை இல்ல’ என்றோ சொல்லும்.

பதில் எழுத மெக்கானிக்குக் கை வராது. கட்டைவிரல் முழுக்க கிரீஸ். ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். கடைக்காரர்களின் வசதிக்காக விளையாட்டிலேயே சில வாக்கியங்கள் தயாராக இருந்தன. அழுத்தினால் போதும். ‘வாங்க வாங்க.’ ‘இருட்டா இருக்கும், பாத்துப் போங்க.’ ‘நாளைக்கு வருவீங்கல்ல?’ மூன்றாவதை அவர் வேறு யாருக்கும் அனுப்பியதில்லை.

இப்போது இரண்டு காசுப் பலகையை அவர் மூன்றாவது முறையாகப் படித்தார். காசு போனால் போகட்டும். ஈரக்குடை அந்தப் பக்கம் திரும்பிவிட்டால்?

“அது ஆள் இல்லப்பா, பொம்மை,” என்றார் எலக்ட்ரீஷியன். அதே கட்டடத்தில் வேலை. அதே விளையாட்டில் பெரிய வீரர். “பாட்னு சொல்வாங்க. நாங்க பொம்மைம்போம். புரோகிராம் தானா விறகு வெட்டும், தானா விக்கும். தூங்காது, சாப்பிடாது, லீவு கேக்காது. உன்ன மாதிரின்னு வெச்சுக்கயேன்.”

“நான் தூங்குவேன்யா.”

“எப்ப? ஒரு கம்ப்ளெய்ண்ட் குடு. தூக்கிடுவாங்க.”

மெக்கானிக் விளையாட்டுக் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார். ஓர் இளம்பெண் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது சார்,” என்றாள்.

அவரிடம் யாரும் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. “பரவால்லம்மா,” என்றார். அதற்குமேல் என்ன கேட்க வந்தோம் என்பது மறந்துவிட்டது.

மறுநாள் கம்பெனி, ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எல்லோருடைய பையிலும் பத்தாயிரம் காசை இலவசமாகப் போட்டது. பையைப் பார்த்துப் போட்டதே தவிர, ஆளைப் பார்த்துப் போடவில்லை. பொம்மைகளுக்கும் பை இருந்தது.

“ராஜா ஆயிட்டோம்யா!” என்று எலக்ட்ரீஷியன் குதித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ராஜா ஆண்டியானார். எல்லோர் கையிலும் காசு; எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கினார்கள். ஒரு ரொட்டி எட்டாயிரம். விறகு, விலை கேட்கவே முடியாத உயரத்துக்குப் போயிற்று. பொம்மைகள் தீப்பந்தத்தை முந்நூறுக்கு ஏற்றின. மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்து, மனசில்லாமல் ஐந்நூறு என்று பலகையை மாற்றினார்.

அன்றைக்கு ஈரக்குடை வந்தது. பலகை முன்னால் வெகுநேரம் நின்றது. ‘ஒண்ணு போதும்’ என்று சொல்லவில்லை. மழை பற்றியும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டது.

மெக்கானிக்குச் சோறு இறங்கவில்லை. நஷ்டம் வந்தாலும் வரட்டும் என்று மறுபடி நாற்பது காசு பலகையை மாட்டினார். கண் சிமிட்டுவதற்குள் பொம்மைகள் ஈ மொய்ப்பதுபோல் வந்து கடையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயின. சாயங்காலம் ஈரக்குடை காலிக் கடை முன்னால் நின்றது.

“ஒளிச்சு வை,” என்றார் எலக்ட்ரீஷியன். “கடைய காலியா போடு. அது வந்து நிக்கறப்ப மட்டும் ஒண்ண எடுத்து நீட்டு.”

“எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?”

“போனக் கையிலயே வெச்சிரு.”

வைத்துக்கொண்டார். அதனால்தான் ஏழாவது மாடி டீச்சர் பாதியில் தொங்க நேர்ந்தது.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே டீச்சரும் ஒரு பெரிய பூந்தொட்டியும். மெக்கானிக் மோட்டார் அறையில் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி லிஃப்டை மெல்ல மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். கைப்பேசி ‘டிங்’ என்றது. ஈரக்குடை! பிரேக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

“யோவ்!” கீழேயிருந்து எலக்ட்ரீஷியன் கத்தினார். “ஏன் நிறுத்திட்ட? டீச்சர் தலை மட்டும்தான் தெரியுது!”

“ஒரு நிமிஷம்யா, கஸ்டமர்!”

“எனக்கு முன்னாடி யாருய்யா கஸ்டமர்?” என்றது டீச்சரின் தலை.

‘ஒண்ணு போதும்’ என்றது ஈரக்குடை. அவர் தீப்பந்தத்தை நீட்டினார். ‘பல்லு வலி. மழை இல்ல’ என்றது. ‘இருட்டா இருக்கும், பாத்துப் போங்க’ என்று அழுத்தினார். பிறகு, ‘நாளைக்கு வருவீங்கல்ல?’

டீச்சரை வெளியே எடுத்தபோது பூந்தொட்டியில் பூ இல்லை. கோபத்தில் கிள்ளிப் போட்டிருந்தார். மெக்கானிக்குக் கட்டட மேனேஜரிடம் மன்னிப்பு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எழுதி முடித்து வெளியே வந்தபோது எலக்ட்ரீஷியன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“கேக்கறேன்னு தப்பா நினைக்காத,” என்றார். “பக்கத்துல ரெண்டு காசுக்குக் கிடைச்சப்பக்கூட உன்கிட்ட நாப்பது குடுத்து வாங்குச்சு. சும்மா குடுத்த பத்தாயிரத்தத் தொடவே இல்ல. தினம் ஒரே நேரம், ஒரே பேச்சு. மனுஷன் இப்படி இருப்பானா? உன் ஈரக்குடையும் பொம்மைதான்யா.”

“பல்லு வலின்னு சொல்லுச்சே. பொம்மைக்குப் பல்லு ஏது?”

“உன்ன நம்ப வெக்கத்தான் பல்லு வெச்சிருக்காங்க.”

மெக்கானிக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ‘ஒண்ணு போதும்’ என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்காக நாள் முழுக்கக் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் யாருமே இல்லையென்றால், இத்தனை நாள் அவர் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை.

ஈரக்குடையின் பெயரைத் தொட்டால், ‘இது மனிதர்தானா? சரிபார்க்கச் சொல்லுங்கள்’ என்று ஒரு பொத்தான் வந்தது. தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? அழுத்தினார்.

மறுநாள் சாயங்காலம் ஈரக்குடை கடை முன்னால் வந்து நின்ற நொடியில், அதன் உருவம் சாம்பல் நிறமாகிவிட்டது. தலைக்குமேல் ‘விசாரணையில்’ என்று எழுத்து வந்தது. அதன்பின் அது அசையவில்லை.

‘வாங்க வாங்க’ என்று அழுத்தினார். அசைவில்லை. கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, முதல்முறையாகத் தானே எழுத முயன்றார். ‘மன்னிச்சுடுங்க, நான்தான்’ என்று எழுதி முடிப்பதற்குள், ‘இவருக்குச் செய்தி அனுப்ப இயலாது’ என்று வந்துவிட்டது.

உதவி எண்ணை அழைத்தார்.

“புகாரை வாபஸ் வாங்கிக்கறேம்மா.”

“முடியாது சார். அவங்களே கூப்பிட்டு, மனுஷங்கதான்னு நிரூபிக்கணும்.”

“எப்படி நிரூபிக்கறது?”

“சும்மா பேசுவோம் சார். பேச்சுலயே தெரிஞ்சிடும்.”

“கூப்பிடலன்னா?”

“நீக்கிடுவோம் சார். இந்த வாரம் எல்லாப் பொம்மைங்களையும் நீக்கறோம். நீங்க கேட்டதுதானே?”

கேட்டதுதான். சொன்னபடியே செய்தார்கள். குகை வாசலில் ஒவ்வொரு கடையாகக் காற்றில் கரைந்தது. இலவசக் காசையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விறகு பழைய விலைக்கு இறங்கியது. அவர் நாற்பது காசு பலகையை மாட்டினார். யாரும் துடைத்துக்கொண்டு போகவில்லை. வாங்கவும் யாரும் வரவில்லை. வாசலில் இத்தனை நாள் இருந்த கூட்டத்தில் முக்கால்வாசி பொம்மைகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவரும், சாம்பல் நிறத்தில் ஒரு குடையும் எதிரெதிரே நின்றார்கள்.

ஒரு நாள் காலையில் அதுவும் இல்லை.

மோட்டார் அறையில் உட்கார்ந்து காலி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, ‘கதவு மூடுகிறது’ என்றது குரல். அவர் சரிம்மா என்று சொல்லவில்லை. அப்போது கைப்பேசி ஒலித்தது. உதவி எண்ணின் பெண்.

“சார், உங்க புகார முடிச்சாச்சு. ஈரக்குடை பொம்மை இல்ல. மனுஷங்கதான். அவங்களே நேத்து கூப்பிட்டுப் பேசினாங்க. கணக்கத் திறந்துட்டோம், இன்னிக்கு சாயங்காலம் வந்துடுவாங்க.”

மெக்கானிக் கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். “ரொம்பக் கோவப்பட்டாங்களாம்மா? யாரு புகார் குடுத்தான்னு கேட்டாங்களா?”

“இல்ல சார், அதெல்லாம் கேக்கவே இல்ல.”

“வேற எதாவது சொன்னாங்களா?”



“ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க சார். ‘பொம்மைங்கள எல்லாம் எடுக்கறீங்களாமே, எடுங்க, ஆனா குகை வாசல்ல தீப்பந்தம் விக்குதே ஒரு பொம்மை, அத மட்டும் விட்டுடுங்க, நாளைக்கு வருவீங்களான்னு என்னைக் கேக்கறது அது ஒண்ணுதான்’னாங்க.”