மாரியம்மனுக்கு மூன்று கால் உபயம்

கிர்ர்ர்ர்... டங்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குக் காலை பத்து மணிதான் நடுச்சாமம். நடுச்சாமத்தில் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அதைத்தான் செய்தேன். பக்கத்து வீட்டு கேட்டாக இருக்கும். லிப்டாக இருக்கும். யாராவது எதையாவது இழுத்துக்கொண்டு போவார்கள்.

கிர்ர்ர்ர்... இந்த முறை டங் வரவில்லை. ப்ளக் என்று ஒரு சத்தம்.

"என்னங்க! உங்க பீரங்கி என் தோசை மாவுல வாயை வெச்சிருச்சு!"

கண் தானாகத் திறந்துகொண்டது.

பீரங்கி என்று என் மனைவி புனிதா சொல்வது என் லென்ஸை. தூரத்துப் பறவையைப் பிடிக்கிற நீளமான டெலிபோட்டோ லென்ஸ். பழையதுதான், ஆனால் தூக்கினால் தோள் இறங்கிவிடும். அதை பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வாங்கின ஒரு ஸ்டாண்டில் மாட்டி, சமையலறை ஜன்னலைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். திருகை நெற்றி நரம்பு புடைக்க இறுக்கிவிட்டுத்தான் படுத்தேன். ஆனாலும் அது, மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைக் குனிந்திருக்கிறது. முதலில் ஜன்னல் கம்பியில் ஒரு முட்டு. அப்புறம் ஸ்டாண்டே ஒரு பக்கம் சுற்றி, மாவுப் பாத்திரம்.

"லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றேன்.

"மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா பாருங்க."

துடைத்தேன். மாவும் நல்ல மாவு, பொங்கியிருந்தது. லென்ஸின் முன்பக்க உறை மட்டும் ஒரு வாரத்துக்குப் புளித்த வாசம் அடித்தது.

ஏன் சமையலறை ஜன்னல் என்று கேட்பீர்கள். கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ஒரு கிழட்டு அங்சானா மரம். அதன் பொந்தில் ஒரு இருவாச்சிக் குடும்பம் குடியிருந்தது. பொம்பளைப் பறவை உள்ளே போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிளவு வழியாக அலகை மட்டும் நீட்டும். ஆம்பளைப் பறவை காலையிலிருந்து சாயங்காலம் வரை பழம், பூச்சி, பல்லி என்று கொண்டுவந்து ஊட்டும்.

"அதைப் பாத்தாவது கத்துக்குங்க," என்பாள் புனிதா. "எதைக் கொண்டுவந்தாலும், அவ உள்ள இருந்துக்கிட்டே இது வேணாம்னு தூக்கிப் போட்டுடுறா. அதும் கோவிக்காம மறுபடி மார்க்கெட்டுக்குப் போகுது."

நான் அந்தப் பறவையை விடாமல் பார்ப்பேன். காரணம் வேறு. குஞ்சு பெரிதானதும் பொம்பளைப் பறவை மண் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். எந்த நாளும் வரலாம். அந்த ஒரு நிமிஷத்தைப் பிடிக்க வேண்டும். சுபாங் ஜெயாவில் ஒரு கிடங்கில் ராத்திரி பூரா கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் தொழில். நான் பார்த்ததையெல்லாம் மாதா மாதம் அழித்துவிட்டு அதன் மேலேயே புதிதாகப் பதிகிறார்கள். இத்தனை வருஷமாக நான் கண்விழித்துப் பார்த்ததில் ஒன்றுகூட இன்றைக்கு இந்த உலகத்தில் இல்லை. ஒரே ஒரு தடவை, நான் பார்த்த ஒன்று நிற்க வேண்டும் என்று ஆசை.

அது நிற்பதற்கு முதலில் லென்ஸ் நிற்க வேண்டும். அதற்கு நல்ல ஸ்டாண்டு வேண்டும். அங்கேதான் சிக்கல். லென்ஸ் வாங்கும்போது சாமி மேடையில் இருக்கிற மாரியம்மன் படத்தின் முன்னால் என்னை நிற்கவைத்து, "இதுக்கு மேல எனக்குன்னு ஒரு திருகாணிகூட வாங்க மாட்டேன்" என்று புனிதா சத்தியம் வாங்கியிருந்தாள்.

மூன்று ராத்திரி யோசித்தேன். நாலாவது ராத்திரி, கிடங்கின் கழிவறை ஓரத்துத் திரையை வெறித்துக்கொண்டிருந்தபோது, ஞானம் பிறந்தது. எனக்கென்று வாங்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? அம்மனுக்கென்று வாங்கினால்?

நம் கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். டியூப் லைட்டில் உபயம். மின்விசிறியில் உபயம். மின்விசிறி சுற்றும்போது பேர் தெரியாதே என்று சுவிட்சிலும் உபயம். எங்கள் கோயிலில் இப்போது பூசையை போனில் நேரலையாகக் காட்டுகிறார்கள். அதற்கு ஒரு ஸ்டாண்டு உபயமாகக் கொடுத்தால் என்ன? கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டாமா? சோதிப்பதற்கு ஒரு மாதம் ஆகாதா? அதற்குள் பறவை வெளியே வந்துவிடாதா?

எனக்கே என் மேல் பயம் வந்தது, அவ்வளவு புத்தி.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் பழைய கேமரா சாமான் விற்கிறவர் கிருபானந்தன். ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டவுடனே கொடுத்துவிட மாட்டார்.

"நல்ல ஸ்டாண்டு ஒண்ணு வேணும், அங்கிள்."

"காலா, தலையா?"

"முழுசா."

"கால் தனி, தலை தனி, தம்பி. எந்தக் காலுக்கு எந்தத் தலைன்னு பாக்கணும்."

நான் கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று குழம்பினேன்.

"அலுமினியமா, கார்பனா?"

"எது நல்லது?"

"அலுமினியம் கனம். கார்பன் லேசு, நடுக்கமும் சீக்கிரம் அடங்கும். நீங்க தூக்கிட்டு நடப்பீங்களா, ஒரே இடத்துல வெப்பீங்களா?"

"சமையலறையில வெப்பேன்."

கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை, பெரிய மனுஷர்.

"நடுக் கம்பம் வேணுமா?"

"இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?"

"அதை உயர்த்தினீங்கன்னா மூணு காலும் வீண். ஒத்தைக் கால்ல நிக்கிற மாதிரி. கனமான லென்ஸுக்கு அது இல்லாததுதான் நல்லது. தலை என்ன தலை வேணும்? உருண்டைத் தலையா, ஊஞ்சல் தலையா?"

என் தலை ஏற்கனவே உருண்டு ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அவரே ஒரு தலையை எடுத்து மாட்டினார். நான் கொண்டுபோயிருந்த லென்ஸை அதில் தொங்கவிட்டார். முன்னும் பின்னும் நகர்த்திப் பாரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார். பிறகு கையை எடுத்தார்.

பீரங்கி அப்படியே நின்றது. விரலால் தொட்டேன், மூக்கைத் தூக்கியது. விட்டேன், விட்ட இடத்தில் நின்றது. குனியவில்லை. முனகவில்லை.

"உருண்டைத் தலையில பாரம் மேல உக்காரும். கொஞ்சம் சாஞ்சா விழப் பாக்கும். இதுல நடுவுல தொங்குது, விழ ஆசையே வராது," என்றார். "தாங்குற கனம்னு பெட்டியில போட்டிருப்பான். அதை நம்பாதீங்க. உங்க லென்ஸைப் போல ரெண்டு மூணு மடங்கு தாங்குறதா வாங்கணும். தாங்குறது பெருசில்ல லா. ஆடாம தாங்கணும்."

கண் கலங்கிவிட்டது. என்னிடம் இருந்த ஓவர்டைம் காசு அத்தனையும் அங்கேயே கழன்றது.

வீட்டுக் கதவைத் திறந்ததுமே ஒப்பித்தேன்.

"புனிதா, இது எனக்கில்ல. கோயிலுக்கு உபயம்."

அவள் மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தோளை இறுக்கினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இப்படி ஒரு எண்ணம் வரும்னு நான் நெனைக்கவே இல்லைங்க."

"நானும்தான்," என்றேன். "கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீட்டுல வெச்சு சோதிச்சு..."

"சாமிப் பொருளை வீட்டுலயா? மீன் வறுக்குற எடத்துலயா? நீங்க மொதல்ல குளிச்சிட்டுப் படுங்க."

படுத்தேன். எழுந்தபோது கூடத்தில் கோயில் செயலாளர் கார்த்திகேசு காபி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டுக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. ஒரு காலில், சிவப்புப் பெயிண்டில், நல்ல எழுத்தில்: உபயம் – திருமதி புனிதா குடும்பத்தினர்.

குடும்பத்தினர் என்பது நான்.

"குரு அண்ணே, ரொம்ப சந்தோஷம்," என்றார் கார்த்திகேசு. "இதுல மாட்டுற அளவுக்கு எங்ககிட்ட கேமரா இல்லையேன்னு கவலைப்பட்டேன். தங்கச்சிதான் சொன்னாங்க, கேமராவோட நீங்களே வந்துடுவீங்கன்னு. பங்குனித் திருவிழா பத்து நாளும்."

"பத்து நாளுமா?"

"காலைப் பூசை மட்டும்தான், அண்ணே. உங்களுக்குத்தான் பகல்ல வேலை இல்லையே."

புனிதாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் பக்தி இருந்தது. பக்திக்குப் பின்னால் வேறு ஏதாவது இருந்ததா என்று தேடினேன். குங்குமம் மறைத்தது.

திருவிழாவுக்குப் போனேன். தூரத்துப் பறவைக்குச் செய்த லென்ஸைச் சின்னக் கோயிலுக்குள் வைத்தால் ஒன்றுமே தெரியாது. ஒரே மஞ்சள் மூட்டம். பின்னால் போனேன். மண்டபம் முடிந்தது. இன்னும் பின்னால் போனேன். வாசல் முடிந்தது. கடைசியில் செருப்பு விடுகிற இடத்தில் ஸ்டாண்டை ஊன்றினால்தான் படம் தெளிந்தது. தெளிந்து தெரிந்தது அம்மனின் மூக்குத்தி மட்டும். கொஞ்சம் திருப்பினால் குருக்களின் காது.

"நேரலையில மூக்குத்தி மட்டும்தான் வருதாம்," என்று உள்ளேயிருந்து ஆள் வந்து சொன்னான்.

"ஆனா ஆடுதா?" என்றேன்.

"ஆடல."

"அப்புறம் என்ன?"

உடம்பில் நீலச் சட்டை, இடுப்பில் பெல்ட். கிடங்குச் சீருடையிலிருந்து நேராக வந்திருந்தேன். ஒரு ஆன்டி என்னை நம்பிக்கையோடு பார்த்தார். "தம்பி, இந்த ஜோடி புதுசு. பாத்துக்கங்க," என்று ஸ்டாண்டின் காலடியில் செருப்பை விட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் விட்டார்கள். ராத்திரி ஊரான் சாமானுக்குக் காவல், பகலில் ஊரார் செருப்புக்குக் காவல். எது வேலை, எது உபயம் என்று எனக்குக் குழம்பத் தொடங்கியது.

ஐந்தாம் நாள் வானம் இருட்டியது. "துணி காயப்போட்டது நனைஞ்சிடும், எடுத்துட்டு வந்துடறேன்," என்று, பூசைக்கு வந்திருந்த புனிதா வீட்டுக்குப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

மத்தியானம் நான் வீடு வந்தபோது, சமையலறைத் தரையில் காகிதம் விரித்து, ஒரு கூடைத் தவ்கே முளைப்பயறு காத்திருந்தது. திருவிழா முடியும் வரை சைவச் சாப்பாடு. உட்கார்ந்து, முளைப்பயறின் வாலை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினேன். என் போன் விடாமல் கத்தியது. குடும்பக் குழுவில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ரவாங் அக்கா இதயம் இதயமாக அனுப்பியிருந்தாள்.

அதில் இருந்த வீடியோவைத் திறந்தேன்.

அங்சானா மரம். பொந்து. மண் சுவர் பொலபொலவென்று உதிர்கிறது. முதலில் அலகு. அப்புறம் கழுத்து. பிறகு அவள் முழுசாக வெளியே வந்து, கிளையில் உட்கார்ந்து, கசங்கின சிறகை உதறி, பக்கத்தில் பழத்தோடு நின்ற புருஷனை ஏற இறங்கப் பார்க்கிறாள். சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு பொட்டு ஆடவில்லை.

"எப்படி?" என்றேன்.

"துணி எடுக்கப் போனேன், சத்தம் கேட்டுச்சு," என்றாள் புனிதா. "போனை ஜன்னல் கம்பியில வெச்சு, துணி கிளிப்பு ரெண்டு போட்டு இறுக்கினேன். அவ்வளவுதான்."

நான் அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அழிக்க முடியாத இடத்துக்கு அது ஏற்கனவே போய்விட்டது. ரவாங், ஈப்போ, சிங்கப்பூர் வரைக்கும்.

"நல்லா வந்திருக்கு," என்றேன். அது உண்மை.

"நெசமாவா?" அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இந்தக் கிளிப்பு சரியில்ல. உங்களுக்குத்தான் காலு, தலை எல்லாம் பாக்கத் தெரியுமே. என் போனுக்கு நல்ல ஸ்டாண்டு ஒண்ணு வாங்கித் தாங்களேன்."

"கோயில் ஸ்டாண்டு..."

"சே, அது சாமிப் பொருளு."

நான் கூடையிலிருந்து அடுத்த தவ்கேயை எடுத்து அதன் வாலைக் கிள்ளினேன்.