வயரில்லாக் கீபோர்ட்டும் ஸுஹைராவின் உப்புக் குவியலும்

மனிதன் கல்லில் எழுதினான், ஓலையில் எழுதினான், கடதாசியில் எழுதினான். எழுதுவதையே விட்டுவிட்டு முன்னேறிய முதல் அமைப்பு என்ற கீர்த்தி களப்போரச் சிறு உப்பளத்தார் ஐக்கிய சங்கத்தையே சேரும். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

போன வருடப் பொதுக்கூட்டத்தில் 'முழுமையான நவீனமயமாக்கல்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று தொட்டு, உப்பு ஏற்றும் அனுமதிச் சீட்டைக் கையால் எழுதுவது சங்க விரோதம். இருந்த பேனைகளை எல்லாம் பொறுக்கி ஒரு மதரசாவுக்கு அன்பளிப்புச் செய்து போட்டோவும் பிடித்தார்கள். பதிலுக்கு ஒரு கொம்பியூட்டரும், ஒரு பிரிண்டரும், வயரே இல்லாத ஒரு கீபோர்ட்டும் வந்து சேர்ந்தன. அந்தக் கீபோர்ட்டைப் பார்க்க எத்தாளையிலிருந்துகூட ஆட்கள் வந்ததாகத் தலைவர் ஹாசிம் ஹாஜியார் சொல்லுவார். வந்தவர்கள் மீன் விற்க வந்தவர்கள்தான். ஆனாலும் பார்த்தார்கள்.

இவ்வளவு முன்னேற்றத்துக்கும் நடுவில் ஸுஹைரா தன் உப்போடு நின்றாள்.

அவளுக்குக் குத்தகையில் இருந்தது இரண்டு பாத்தி. வெயிலில் முதுகு வெந்து, உப்புத் தண்ணீரில் கால் வெடித்து, வாரி வாரி வரம்பில் குவித்த அந்த ஒரு குவியல்தான் அவளுடைய போகம் முழுவதும். மூடியிருந்த தென்னோலைக் கிடுகு இற்றுப்போனதால், சங்கத்துத் தறப்பாளை இரவல் கேட்டு மேலே போட்டிருந்தாள். களப்பு நீருக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உடப்பு ஊரில் கிரிசாந்தின் லொறி தயாராக நின்றது. சீட்டு வந்தால் ஏற்றலாம். சீட்டு இல்லாமல் ஏற்றினால் பாதையில் மறித்து இறக்கிவிடுவார்கள்.

"சீட்டுத்தானே ராத்தா, இருங்க," என்று செயலாளர் றஸ்மி விரலை நெரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்று காலைதான் கொம்பியூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைத் தானே 'மேம்படுத்தி'க் கொண்டிருந்தது. மேம்பட்டவர்கள் பழைய ஆட்களை மறப்பது வழமை. கீபோர்ட் யாரென்றே அதற்குத் தெரியவில்லை.

"சேருதில்லையே," என்றான் றஸ்மி.

"எதோட சேருதில்ல?"

"கொம்பியூட்டரோட."

"ரெண்டும் ஒரே மேசைலதானே தம்பி ஈக்கிது."

"அதுதான் ராத்தா பிரச்சின. பக்கத்துலயே ஈக்கிது, ஆனா கண்டுகொள்ளுதில்ல."

"நம்மட தலைவர் மாதிரி," என்றாள் ஸுஹைரா.

றஸ்மி காதில் விழாதவன்போல இருந்தான். செயலாளர் பதவிக்கு அந்தத் தகைமை அவசியம்.

உடனே அவசர நிர்வாகக் கூட்டம் கூடியது. தலைவர் வர நேரமெடுக்கவில்லை. சங்கக் கட்டடமும் அவர் வீடும் ஒரே சுவர். வந்ததும் அவர் கீபோர்ட்டைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"சத்தமில்ல," என்றார். "பற்றரி மௌத்தாகிட்டு."

சுவர் மணிக்கூட்டின் பற்றரிகளைக் கழற்றிக் கீபோர்ட்டுக்குப் போட்டார்கள். கீபோர்ட் சேரவில்லை, மணிக்கூடு நின்றது. அதன்பின் சங்கத்தில் நேரம் நகரவில்லை. அதற்கு முன் நகர்ந்ததாகவும் யாரும் சொன்னதில்லை.

"சந்தியில கடைல வயர் வெச்ச கீபோர்ட் ஈக்கிதே," என்றாள் ஸுஹைரா. "அத வாங்கிப் பூட்டினா?"

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "வயரில்லாம முன்னேறின சங்கம் திரும்பப் போய் வயருல தொங்கச் செல்றீங்களா?"

"அப்ப கையால எழுதித் தாங்க."

"பேனை இல்ல," என்றான் றஸ்மி.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உப்புக் காற்று. உப்புக் காற்றுப் புகுந்துதான் இயந்திரத்தின் அறிவு மங்கியிருக்கிறது, மழையும் சேர்ந்தால் கதை முடிந்தது. ஆகவே சங்கத்துத் தறப்பாளை உடனே கொண்டுவந்து கட்டடத்தின் கூரையை மூடுவதென்று தீர்மானம் ஆனது.

"அது என்ட உப்புக்கு மேல கிடக்குது ஹாஜியார்."

"ஒங்கட உப்ப உப்புக் காத்து என்ன செய்யும் ஸுஹைரா? ஒண்டும் செய்யாது."

இப்படிப்பட்ட அறிவை எதிர்த்து யாரால் பேச ஏலும். தறப்பாள் வந்தது. அது கொஞ்சம் நீளமான தறப்பாள். சங்கத்தின் கூரையை ஓரமாக மூடி, தலைவர் வீட்டுக் கூரையைத் தாராளமாக மூடியது.

கூட்டம் தொடர்ந்தது. அங்கத்தவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. தலைவரின் மனைவி ஹவ்வா உம்மா ஜன்னலால் கண்டு கூப்பிட்டாள்.

"வெளிய நிண்டு என்ன செய்யப்போற புள்ள, உள்ள வா. பிளேன்டீ ஊத்தித் தாரன்."

ஸுஹைரா போய்க் கதிரையில் உட்கார்ந்தாள். கதிரையின் முதுகில் சிவப்பு மையில் சங்கத்தின் பெயர் இருந்தது. தலைக்கு மேல் சுற்றிய ஃபேனிலும் இருந்தது. பின்கதவுக்கு வெளியே தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மோட்டரிலும் அதே பெயர், அதே சிவப்பு மை. நல்ல மை. வெயிலுக்கும் அழியவில்லை.

டீவியில் ஹவ்வா உம்மாவின் பின்னேர நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி அழ வாயெடுத்த நேரம் படம் மறைந்து, தேடும் பெட்டி ஒன்று தானாகத் திறந்தது.

"பாத்தியா," என்றாள் ஹவ்வா உம்மா. "காலைல இருந்து இதே வேல. ஜின்னோ ஷைத்தானோ, எழுதிட்டே ஈக்கிது."

சுவருக்கு அந்தப் பக்கம் றஸ்மி ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமிட்டுச் சொல்லிக் குத்துவது கேட்டது. "எஸ்... ஏ... எல்... டீ..." இந்தப் பக்கம் டீவியில் அதே எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கீழே கருவாடு போடும் முறைகள் வரிசையாகத் தோன்றின.

ஹவ்வா உம்மா கோப்பையை வைத்துவிட்டு ஜன்னலடிக்குப் போனாள்.

"டேய் றஸ்மி, நீ எழுதுறதெல்லாம் என்ட டீவிக்குள்ள வருதுடா."

தலைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"அது எப்படி வரும்?"

"எப்படியா? வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி நீங்கதானே இந்தக் கட்டைய தூக்கிட்டு வந்து, டீவில கிரிக்கெட் தேடின."

விசயம் இவ்வளவுதான். மேம்பட்ட கொம்பியூட்டர் கீபோர்ட்டை மறந்தது. கீபோர்ட் கடைசியாகப் போன வீட்டை மறக்கவில்லை.

"அப்ப கழட்டி உடுங்க ஹாஜியார்," என்றாள் ஸுஹைரா. கூரைத் தறப்பாளில் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டது. "மழ வந்துட்டு."

"அவசரப்படக் கூடாது. சங்கச் சொத்து ஒண்டு டீவிக்குள்ள போன விதத்த விசாரிக்க ஒரு குழு போடணும். அதுக்கு நானே தலைவரா ஈக்கிறன். ஏனெண்டா ஊடும் என்ட, சங்கமும் என்ட பொறுப்பு."

குழுவுக்குப் பெயர் வைக்கும் விவாதம் நடக்கையில் மழை பிடித்துக்கொண்டது. ஸுஹைரா எழும்பினாள், இருந்தாள், திரும்பவும் எழும்பினாள். கடைசியில் சங்கத்தைக் காப்பாற்றியது நாடகம்தான். கதாநாயகி இரண்டாம் முறை அழப்போன இடத்தில் தேடும் பெட்டி மறுபடி திறக்க, ஹவ்வா உம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ரிமோட்டை எடுத்து அங்கும் இங்கும் அமத்தினாள். 'இந்தச் சாதனத்தை மறக்கவா?' என்று டீவி கேட்டது.

"மறந்து தொல," என்று அமத்தினாள்.

சுவருக்கு அப்பால் றஸ்மி, "சேந்துட்டு," என்றான். பிரிண்டர் இரைந்தது. சீட்டு வந்தது. எழுத்துப் பிழையில்லாத, முத்திரை வைத்த, சூடான சீட்டு.

ஸுஹைரா அதைச் சொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு ஓடினாள். ஈர வரம்பில் லொறி இறங்காது என்று கிரிசாந்த் போனில் சொன்னான். மழை விடிய விடியப் பெய்தது. காலையில் கிடுகு இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தாள். கீழே உப்பு இல்லை. பக்கத்து வாய்க்கால் மட்டும் வழமையைவிடக் கூடக் கரித்தது.

ஆனால் கொம்பியூட்டரில் ஒரு துளி ஈரமில்லை. இந்தச் சாதனையைப் பாராட்டித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்த விசேட பொதுக்கூட்டம் கூடியது. சங்கத்துக் கதிரைகளைத் தலைவர் வீட்டிலிருந்து தூக்கி வந்து போட்டார்கள். பேசியவர்கள் எல்லாரும் தலைவரின் தூரநோக்கைப் புகழ்ந்தார்கள். பாதிக்கப்பட்ட அங்கத்தவர் என்ற முறையில் ஸுஹைராவுக்கும் இரண்டு வார்த்தைக்கு இடம் கிடைத்தது. சொல்வதை அப்படியே பதிய றஸ்மி கீபோர்ட்டில் விரல் வைத்துத் தயாராக இருந்தான்.

அவள் எழும்பி நின்று, இருந்த கதிரையைத் திருப்பி, சிவப்பு எழுத்தைச் சபைக்குக் காட்டினாள்.

"கீபோர்ட்டுல ஒரு பழுதுமில்ல. மறந்துடு எண்டு ஒரு பொத்தான அமத்தினதும் தலைவர்ட ஊட்ட உட்டுட்டுச் சங்கத்துக்கு வந்துட்டு. ஒண்டுதான் கேக்கணும். இந்தக் கதிரைக்கு, அந்த ஃபேனுக்கு, மோட்டருக்கு, இன்னமும் அவர்ட கூரைல கிடக்கிற தறப்பாளுக்கு எந்தப் பொத்தான அமத்தணும்?"

சபை றஸ்மியைப் பார்த்தது. றஸ்மி தலைவரைப் பார்த்தான். பிறகு கீபோர்ட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான்.

"மன்னிக்கணும்," என்றான். "திரும்பவும் சேருதில்ல."